கிளிப்பில் கிடந்த நாட்கள்

ராசா,

போனில் நீ சொன்னதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நீ நினைத்திருப்பாய். ஒத்துக்கொள்ளவில்லை, வாயடைத்துப் போனேன், அவ்வளவுதான். பேச ஆரம்பித்தால் நான் முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, நடுவில் அழுது, கடைசியில் எதற்குப் பேசினோம் என்பதையே விட்டுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் எனக்கு நிதானம் வரும். தை பிறந்தால் கல்யாண வேலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரம் இருக்காது. அதனால் மார்கழி முடிவதற்குள் இதை எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு மாரீஸ்வரியிடமும் காட்டு. அவளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றும், அவளுக்கே தெரியாத ஒன்றும் இதில் இருக்கின்றன.

நீ சொன்னது இதுதான்: "கிருஷ்ணர நீயே வச்சுக்கம்மா. அவ ராத்திரி டூட்டி பாத்துட்டு வர்றவ. உன் பாக்கியெல்லாம் தூக்கி அவ தலையில ஏத்தாத." மருமகள் கையில் நம் பூசை அலமாரிக் கிருஷ்ணனைக் கொடுக்க வேண்டும் என்பது நீ பிறந்த நாளிலிருந்து நான் நினைத்து வைத்திருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று நீ சொன்னது எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. பாக்கி என்று சொன்னாயே, அந்தச் சொல்தான் நெஞ்சில் நின்றுவிட்டது. அது என் சொல். என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்ட சொல். அம்மா செய்த பூசை எல்லாம் சேர்ந்து பிள்ளை மனசில் பாக்கி என்ற ஒரே சொல்லாக நிற்கிறதே என்று அன்றைக்கு முழுக்க எதைத் தொட்டாலும் கை ஓடவில்லை.

அந்தக் கிருஷ்ணன் நம் வீட்டுக்கு வந்த கதை மாரீஸ்வரிக்குத் தெரியாது. நீ என் வயிற்றில் இருந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா எழுந்து வர மனசில்லை. கையில் இருந்த காசுக்கு என்ன வரும் என்று கேட்டேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைக் கிருஷ்ணனை எடுத்துக் கொடுத்தார். தவழ்கிற கோலம், ஒரு கையில் வெண்ணெய், முகத்தில் பாதிக்குக் கண். "இவன் முழியப் பாரு, திருடிட்டு மாட்டிக்கிட்ட முழி. நமக்கும் இப்படி ஒருத்தன்தான் வரப்போறான்" என்று உன் அப்பா சொன்னார். நீ பிறந்ததும் முதலில் உன் முழியைத்தான் பார்த்தோம். அப்படியே இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்த பிறகுதான், இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது. என் பிறந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை குலசாமிக்குப் பொங்கல் வைப்பதோடு சரி. தினமும் ஒரு சாமியோடு குடித்தனம் பண்ணுவது எப்படி என்று அங்கே யாருக்கும் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கோயில் சுவரில் எழுதியிருந்ததை வாசித்தேன். பூசைச் சாமான் கடையில் கொடுக்கிற சின்னப் புத்தகங்களை வாசித்தேன். காசெட் வந்தது, பிறகு நீ போன் வாங்கிக் கொடுத்தாய். துளசி இல்லாமல் நைவேத்தியம் செல்லாது என்று ஒருவர் சொன்னார். வாசலில் துளசி வைத்தேன். ஏகாதசிக்கு அரிசி ஆகாது என்றார் இன்னொருவர், விட்டேன். விடியுமுன் எழுந்திருக்கச் சொன்னார்கள், நூற்றெட்டு நாமம் சொல்லச் சொன்னார்கள், அவன் சாப்பிடாமல் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்றார்கள். எல்லாரும் சேர்க்கத்தான் சொன்னார்கள். எதையாவது விடு என்று ஒருவரும் சொல்லவில்லை. குரு இல்லாதவளுக்கு உள்ள கஷ்டம் அதுதான் ராசா. எது சரி என்பதை எங்கேயாவது தேடிப் படித்துக்கொண்டுவிடலாம். எது போதும் என்பது அப்படிக் கிடைக்காது.

அப்படி வந்ததுதான் அந்தக் கிளிப். பால் கணக்கு, சிலிண்டர் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் ஒரு நாள் தவறாமல் எழுதுகிற கைக்குச் சாமி விஷயத்தில் மட்டும் கணக்கில்லாமல் இருக்க முடியவில்லை. தினசரி காலண்டரில் காலையில் தாளைக் கிழிக்கும்போது, நேற்று எல்லாம் முறையாக நடந்ததா என்று யோசிப்பேன். நடந்திருந்தால் தாள் குப்பைக்கு. காய்ச்சலோ, சாவு வீடோ, வீட்டுக்கு விலக்கோ, விருந்தாளியோ வந்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்தத் தாளைக் கிளிப்பில் மாட்டி ஆணியில் தொங்க விடுவேன். அப்புறம் ஒழிந்த நேரத்தில் அந்த நாளுக்கு உரிய நாமத்தைச் சேர்த்துச் சொல்லி, ஒவ்வொரு தாளாக எடுத்துப் போடுவேன். தீபாவளி சீசனில் உன் அப்பாவுக்கு ஓவர்டைம், சித்தப்பா பிள்ளைகள் வேலைக்கு வந்து நம் வீட்டில் தங்குவார்கள், நாள் முழுக்க அடுப்படியிலேயே நிற்பேன். கிளிப் வாய் மூடாது. பங்குனி, சித்திரையில் கொஞ்சம் மெலியும். மொத்தமாகத் தீர்ந்தது மட்டும் எந்த வருஷமும் இல்லை.

உன்னையும் விடவில்லையே நான். ஐந்தாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் நீ படுத்துக் கிடந்தாய். எழுந்து நடமாட ஆரம்பித்ததும், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துச் சொல்லு என்று பலகையில் உட்கார வைத்தேன். வெளியே உன் சேக்காளிகள் பந்தடிக்கிற சத்தம். நீ கேட்டாய்: "ஏம்மா, கிருஷ்ணருக்குக் காமாலை வந்தா அவரு யாருக்குப் பாக்கி சொல்லுவாரு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, சொல்லி முடித்துவிட்டுப் போ என்றேன். நீ முடித்துவிட்டுத்தான் போனாய். கல்லூரிக்குப் போன பிறகு நீ அந்தப் பலகையில் உட்காரவே இல்லை. அது வயசுக் கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீ போன் பண்ணிய வாரம் எதிர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அழுதேன். சாத்தூரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பஜனை மடம் இருக்கிறது, அங்கே ஒரு சாமி இருக்கிறார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், காணிக்கை எதிர்பார்க்க மாட்டார், போய்ப் பார் என்று அந்தம்மா சொன்னது. இத்தனை வருஷத்தில் ஒரு குருவின் முன்னால் போய் நான் உட்கார்ந்ததில்லை. தப்புத் தப்பாகச் செய்துகொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். இப்போது வேறு வழியில்லை. கிருஷ்ணன் மருமகளுக்குப் போக வேண்டுமா, வேண்டாமா என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வண்டியில் என்னைக் கூட்டிப் போனார். போகும்போது அந்தக் கிளிப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். வைத்தியரிடம் போகிறவர்கள் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி.

சாமி காவி கட்டியிருப்பார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, உன் பெரிய மாமா வயசு. ஒரு பக்கம் காது கேட்காது. அந்தப் பக்கம் உட்கார்ந்த என்னை இந்தப் பக்கம் வரச் சொன்னார். உன் அப்பா வழக்கம்போல வேப்பமரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வெளிய நிக்கிறது யாரு தாயி, வெயில்ல?"

"எங்க வீட்டுக்காரரு சாமி. அவுக இதுக்கெல்லாம் உள்ள வர மாட்டாக."

"இதுக்கு வர வேண்டாம். மோருக்கு வரச் சொல்லுங்க."

மோர் என்றதும் வந்துவிட்டார், உன் அப்பா. அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு தூணோரமாக உட்காருகிற நேரத்தில், நான் பையிலிருந்து கிளிப்பை எடுத்து சாமியின் முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னது இது?"

"விட்ட நாளு சாமி. ஒவ்வொண்ணுக்கும் நாமம் பாக்கி இருக்கு. கொஞ்சங் கொஞ்சமாச் சொல்லிக் கழிச்சுக்கிட்டுத்தான் வாரேன். தை மாசம் மகனுக்குக் கல்யாணம். அதுக்குள்ள முடிக்க முடியாது போல. மருமக கையில கிருஷ்ணனக் குடுக்கணும்னு நெனச்சிருந்தேன். மகன் வேண்டாங்கான். குடுக்கலாமா வேண்டாமா? குடுத்தா இம்புட்டுப் பாக்கியோட குடுக்கலாமா?"

சாமி வாயைத் திறக்குமுன் உன் அப்பா திறந்துவிட்டார்.

"ஏ, இது ரசப்பொடிக் குறிப்பு இல்லையா?"

சாமிக்குக் கேட்கும் காதில் விழுந்துவிட்டது, சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. "பின்னாடி போட்டிருப்பானே சாமி, கை வைத்தியம், சமையல்னு. அதுக்குத்தான் இவ சேத்து வைக்கான்னு நான் நெனச்சிக்கிட்டிருக்கேன், இத்தன வருசமா" என்று அவர் சாமியிடம் முறையிட்டார்.

"இல்லங்க. அன்னன்னைக்குச் செய்யாம மீந்தது" என்றேன்.

"மீந்தத எதுக்கு எடுத்து வச்சிருக்க?"

"மறுநாளு சேத்துச் செய்யத்தான்."

அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "மீந்ததையா? மறுநாளைக்கா? வீட்டுக்குள்ளயா வச்சிருக்க?" என்று எழுந்தார். தம்ளர் சரிந்து மோர் தரையில் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, அந்தக் கிளிப்பை இரண்டு கையாலும் மெல்ல எடுத்து, எரிகிற விளக்கிலிருந்து தள்ளித் தூணோரம் கொண்டுபோய் வைத்தார். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. வெட்கப்பட்டு நின்றார்.

நமக்கு அது புரியும். மாரீஸ்வரிக்கும் புரியும், அவள் அச்சங்குளத்துப் பெண். அவளுடைய ஆத்தாளும் அப்பனும் பட்டாசு கம்பெனி வேலையில்தான் அவளை நர்சுக்குப் படிக்க வைத்தார்கள். சாமிக்குப் புரியவில்லை. என்ன வேலை என்று கேட்டார். பட்டாசு மருந்து கலக்கிற ரூமுக்குப் போர்மேன் என்று அப்பா சொன்னார். பிறகு, வீட்டில் நம்மிடம்கூட அதிகம் பேசாத மனுஷன் அங்கே பேசினார். "அன்னைக்கு வேணுங்கிறத அன்னைக்குக் காலையில கலக்கணும் சாமி. வெயில் ஏறுமுன்ன முடிக்கணும். எம்புட்டு ஆர்டர் இருந்தாலும் கூடக் கலக்கப்படாது. சாயங்காலம் மீந்துச்சுன்னா தண்ணியில போட்டு அழிச்சிரணும். ஐயோ நல்ல மருந்தாச்சே, நாளைக்கு ஆகுமேன்னு நெனச்சா முடிஞ்சுச்சு. ராத்திரி ஈரம் பட்டு உள்ளுக்குள்ளயே சூடு ஏறும். மருந்து கெட்டுப்போனதுனால வெடிக்காது சாமி. அது நல்ல மருந்து, அதான் வெடிக்கி." அதற்கு மேல் சொல்லவில்லை. சண்முகத்தை அவர் நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். உனக்குச் சண்முகம் மாமாவை நினைவிருக்கும், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெம்பக்கோட்டை அணைக்குப் போவாரே. வேறு கம்பெனியில் இருந்தார். ஒரு சனிக்கிழமை மீந்ததைத் திங்கட்கிழமைக்கு ஆகும் என்று மூடி வைத்துவிட்டுப் போனவர். திங்கட்கிழமை அந்த ரூமைத் திறந்தவரும் அவரேதான்.

சாமி முழுக்கக் கேட்டுக்கொண்டார். உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை. "அது மருந்து அண்ணாச்சி, இது நாமம். ரெண்டும் ஒண்ணாகாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு கேக்கேன் தாயி. பாக்கியச் சொல்லும்போது உங்க கண்ணு முன்னாடி யாரு இருக்கா? அவன் இருக்கானா, இந்தத் தாளு இருக்கா?"

குருவின் முன்னால் முதல்முறை உட்கார்ந்திருக்கிறேன், பொய் சொல்ல முடியுமா? "தாளுதான் சாமி" என்றேன். "இன்னும் எத்தன தாளு இருக்குன்னுதான் பாத்துக்கிட்டே சொல்லுவேன்."

"அப்ப அவன் அங்கன சும்மா உக்காந்திருக்கான்" என்றார் சாமி.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது என்று சொன்னால் நீ நம்புவாயா? இத்தனை காலம் விடியுமுன் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்தது எதற்கு? "அப்ப தினமும் என்னதான் சாமி செய்ய? எனக்கு யாரும் சொல்லித்தரல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன். சத்தமாகவே கேட்டேன் போல, மடத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கண்ணு முழிச்சதும் அவன் பேரச் சொல்லுங்க. குளிச்சா விளக்குப் போடுங்க. ஆக்குனதுல முதக் கையி அவனுக்கு. துளசி இருந்தா துளசி, இல்லையா தண்ணி. நேரமிருந்தா பாடுங்க. பாதியில பால் பொங்குனா எந்திரிச்சுப் போங்க. பால் பொங்குதுன்னு மடியில கெடந்தவன இறக்கி விட்டுட்டு ஓடுனவதான் அவன வளத்த தாயி. அதுக்காக அவன் என்ன, அவ புள்ள இல்லாமப் போயிட்டானா?"

"முடியாத நாளு?"

"மறுநாளு அவன் முகத்தப் பாத்து, நேத்து முடியலப்பான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். உங்க மகன் ஒருநாளு போன் பண்ணலைன்னு வையுங்க. மறுநாளு ரெண்டு தடவ பண்ணுன்னா கேப்பீக?"

"இவ கேப்பா சாமி" என்றார் உன் அப்பா.

பூக்கட்டிய பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீரோடு. கிளம்பும்போது, அந்தப் பெண்ணுக்கு, அதாவது மாரீஸ்வரிக்கு, என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "அந்தப் புள்ள என்கிட்ட வந்து கேட்டுச்சா? கேட்டாச் சொல்லுவேன். கேக்காதவுகளுக்கு நான் சொல்றதில்ல தாயி. நீங்களும் சொல்லாதீக" என்றார். வழியெல்லாம் நான் உன் அப்பாவிடம் பேசவில்லை. ஊருக்குள் நுழையும் இடத்தில் வடைக்கடையில் வண்டியை நிறுத்தினார். "பெரியவுக பேசுற எடத்துல நீங்க ஏன் வாயக் குடுத்தீக?" என்று கேட்டேன். "மோருக்குத்தான வந்தேன்" என்றார்.

சாமி சொன்னதும் நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. வீட்டுக்கு வந்ததும் கிளிப் பழைய ஆணிக்கே போயிற்று. சொன்னபடி செய்து பார்த்தேன். பூசை சீக்கிரம் முடிந்துவிட்டது. முடிந்த பிறகு கைக்கு வேலையில்லை. கிருஷ்ணன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன், என்ன பேசுவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, வேலை எதுவும் இல்லாமல் அவன் முன்னால் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. இது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. கண் தானாக ஆணிப்பக்கம் போகும். அதில் தொங்குகிறதே, அதைச் சொல்லலாமே என்று இருக்கும். இரண்டு மூன்று தாள் திருட்டுத்தனமாகச் சொல்லியும் கழித்தேன்.

பிறகுதான் மாரீஸ்வரி வந்தாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாளே, அன்றைக்கு. மதுரையில் ராத்திரி டூட்டியை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறி வந்துவிட்டாள். அன்று ஏகாதசி. எனக்குப் பூசை நேரம் நீண்டுவிட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். "நீங்க முடிங்க அத்தை, நான் உக்காந்திருக்கேன்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்தாள்.

"இவருதானா அத்தை?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... உங்க மகன் சொன்னதக் கேட்டு ஆளுயரம் இருப்பாருன்னு நெனச்சேன். எங்க வீட்டுல எங்கன வைக்கிறதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

மணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன் ராசா. என்ன சொல்லி வைத்திருக்கிறாய் நீ அவளிடம்? அப்புறம் அவளாகவே சொன்னாள். தீபாவளி கழிந்து அவள் வார்டில் தீக்காயத்தோடு சின்னப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருந்தார்களாம். கட்டு மாற்றும்போது கத்துவார்களாம். "என்ன செய்யன்னு தெரியாது அத்தை. கிருஷ்ணா, கிருஷ்ணான்னு சொல்லிக்கிட்டே செய்வேன். அதுகளுக்குச் சொல்றேனா, எனக்குச் சொல்லிக்கிறேனான்னு தெரியல. கை நடுங்காது, அவ்வளவுதான்." இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சாதாரணமாக, பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்வதைப் போலத்தான் என்னிடமும் சொன்னாள். நான் அவளுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று ராப்பகலாக யோசித்துக்கொண்டிருந்தேனோ, அது அவளிடம் ஏற்கனவே இருந்தது. நான் கொடுத்ததும் இல்லை, யாரும் கணக்குப் பார்த்ததும் இல்லை.

ஆரத்திக்குத் திரும்பினேன். மணியை எடுத்து ஆட்டப்போகும்போது பார்த்தால், அவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருக்க, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, மடியில் கைப்பை. அந்தப் பித்தளைக் குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் மணியைத் தூக்கிய கையோடு நான் நிற்கிறேன். மணி அடித்தால் அவள் எழுந்துவிடுவாள். அடிக்காவிட்டால் ஆரத்தி பாதியில் நிற்கும், அதுவும் ஏகாதசி அன்றைக்கு. மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். ஒரு தலையணையை எடுத்து அவள் கழுத்துக்கு அணைவாக வைத்தேன். விளக்கைத் தணித்துவிட்டு நானும் கீழே உட்கார்ந்தேன். அவளைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். அன்றைக்குக் கூச்சமாக இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கணக்குத் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் தெரியாது.

எழுந்ததும் பதறினாள். "ஐயோ அத்தை, பூசை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன். பாதிதான் ஆகியிருந்தது. கிருஷ்ணன் முன்னால் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இதுதான் அவளுக்குத் தெரியாதது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் காலையில் ஏகாதசித் தாளைக் கிழித்தேன். கை பழக்கத்தில் கிளிப்புக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "மீந்தத எப்படிங்க அழிக்கணும்?" என்று கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எரிக்கப்படாது. தண்ணியிலதான்" என்று வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். மருந்து ரூமுக்குள் போகுமுன் உடம்பு மின்சாரம் இறங்கச் செய்வதைப் போல, ஒரு கையால் தரையைத் தொட்டுவிட்டுத்தான் கிளிப்பைப் பிரித்தார். தாள் தாளாக உதிர்த்துப் போட்டார். எந்தெந்த நாள் என்று வாசித்துவிடக் கூடாது என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது, உன் கல்லூரியில் கட்டணம் கட்ட அலைந்த நாள். அன்றைக்கு நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். விளக்கேற்றவில்லை என்பதற்காகப் பாக்கியில் சேர்த்து மாட்டியிருக்கிறேன் பார். சாயங்காலத்துக்குள் தாளெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. துளசித் தொட்டியில் கொட்டினோம். உன் அப்பா அன்றைக்குக் காலையில் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போயிருந்தார். ஏன் என்று கம்பெனியில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

கல்யாணம் பண்ணப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சாமி கேட்காமல் சொல்லாதே என்றிருக்கிறார். இது ஒன்றை மட்டும் அவருக்குத் தெரியாமல் சொல்லிக்கொள்கிறேன். நீ என் பிள்ளை. உனக்குள்ளும் ஒரு கிளிப் இருக்கும். இந்த வாரம் யார் பாத்திரம் கழுவினார்கள், யார் வீட்டுக்கு எத்தனை முறை போனோம், அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்று ஒவ்வொரு தாளாக மாட்டிக்கொண்டே போகும். அவள் வேலையில் எத்தனை வேதனையைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று எனக்கு இப்போது தெரியும். அன்றன்றைக்கு வருகிற சண்டையை அன்றைக்கே போடுங்கள், நன்றாகவே போடுங்கள். மீந்தால் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

கிருஷ்ணனை நான் அனுப்பவில்லை. நீ சொன்னதற்காக இல்லை, மாரீஸ்வரி கேட்கவில்லை என்பதற்காக. என்றைக்காவது அவளாகக் கேட்டால் அன்றைக்கு நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். கேட்காவிட்டாலும் குறையில்லை. இங்கே எனக்கும் அவனுக்கும் இப்போதுதான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் புது வருஷத்துத் தினசரி காலண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையில் கிருஷ்ணன் படம் இருக்கிறது. அதற்குச் சண்டைக்கு வராதே, முருகன் படம் போட்டது தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறீர்களோ, இல்லை, டூட்டி முடிந்து யார் முதலில் கதவைத் திறக்கிறீர்களோ, அவர்கள் தாளைக் கிழியுங்கள். கிழிக்கும்போது மனசு வந்தால் அவன் பேரை ஒரு தடவை சொல்லுங்கள். கிழித்த தாளை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று நீ போன் பண்ணவில்லை. அதனால் என்ன, இன்றைக்கு ஒரு தடவை பண்ணினால் போதும்.

அம்மா